பதில் வராத பக்கம்

"தட்டினா யாரும் திறக்கலைன்னா, உள்ளே யாருமே இல்லைன்னுதானே அக்கா அர்த்தம்?"

இப்படிக் கேட்டபோது சின்னவளுக்கு ஆறு வயது. பெரியவளுக்குப் பதினொன்று. மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு தையல்காரர் வீட்டுக்கு அம்மா இருவரிடமும் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருந்தாள். நான்கைந்து முறை தட்டிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. பெரியவளுக்கு விளையாடப் போகிற அவசரம். "ஆமா, யாரும் இல்லை. வா போகலாம்" என்று தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மூடி திறக்காத பாத்திரத்தைப் பார்த்த அம்மா திட்டவில்லை. "அந்த மனுஷன் மூணு நாளா காய்ச்சல்ல எழுந்திருக்க முடியாமக் கிடக்கிறார்டி. அவர் எப்படி வந்து திறப்பார்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். சின்னவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை அது. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தவள், முதன்முறையாகக் கொஞ்சம் யோசிக்கிற பார்வை.

பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அக்காவும் தங்கையுமாக ஒரே வீட்டில் இருந்துவிட்டார்கள். சின்னவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் செய்த வேலைதான் சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிபடவில்லை. "அவ கம்ப்யூட்டருக்கு லெட்டர் எழுதுறா" என்று ஒரு சித்தி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் சித்தி சொன்னது பெரிய தப்பும் இல்லை.

பெரியவள் வேலை பார்த்த நிறுவனத்தில் ஏஐ ஏஜென்ட் ஒன்று இருந்தது. யார் எதைக் கேட்டாலும் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். ஆனால் இன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்த ரயில் தாமதம் என்பதெல்லாம் அதற்குத் தானாகத் தெரியாது. அதற்காக ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். ஒரு இணைய முகவரியைச் சொன்னால், ஓடிப்போய் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு வரும். ஆபீஸில் அதற்கு 'எடுபிடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த எடுபிடியை எப்படி அனுப்புவது, அவன் கொண்டு வந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஏஜென்டுக்குச் சொல்லும் குறிப்பை எழுதியவள் இவள். அதனால் அவளை எல்லாரும் குறிப்பக்கா என்றார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஏஜென்ட் அந்தக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். குறிப்பில் எழுதியிருப்பதுதான் அதற்கு வேதம். எழுதாமல் விட்டது அதற்கு உலகத்திலேயே கிடையாது. நீளமாக எழுதினால் படிக்க நேரமாகும், பதில் தாமதமாகும் என்பதால், ஒரு கருவிக்குப் பன்னிரண்டு வரிதான் என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். குறிப்பக்கா சுருக்குவதில் கெட்டிக்காரி. அவள் எழுதியதிலிருந்து ஒரு சொல்லைக்கூடக் கிள்ளி எடுக்க முடியாது என்று மேனேஜரே கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் அதைத் தங்கையிடம் இரண்டு தடவை சொன்னாள். நல்லவர்களையும் இந்தப் பாராட்டு ஆசை ஒன்று விடுவதில்லை.

எழுதிய குறிப்பைச் சோதித்துப் பார்க்க அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. 'பொம்மை உட்காருவது' என்பார்கள். சின்ன அறை ஒன்றில் நடுவே ஒரு மரத்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்டாக உட்காருவார். இந்தப் பக்கம் எழுதியவர் எடுபிடியாக உட்காருவார். இருவரும் தட்டிக்கு அடியில் சீட்டுகளைத் தள்ளிக்கொள்வார்கள். குறிப்பில் இல்லாத எதையும் பொம்மை சொந்த அறிவால் செய்யக் கூடாது. வழக்கமாக உட்காருகிறவன் ஒரு பருத்த, கலகலப்பான ஆள். அவனுடைய சொந்தப் பெயரை ஆபீஸில் பாதிப் பேர் மறந்தே போய்விட்டார்கள். பொம்மை என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். "எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் கழட்டி வாசல்ல செருப்போட விட்டுட்டு வந்துடுவேன். அதிகம் இல்லை, சீக்கிரம் கழண்டுடும்" என்பான்.

எடுபிடிக்கான குறிப்பைச் சோதித்த அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசியாக ஒரு கேள்வி. இன்ன கடை இன்று திறந்திருக்கிறதா? பொம்மை முகவரியை எழுதித் தள்ளினான். குறிப்பக்கா ஒன்றும் எழுதாத வெறும் சீட்டைத் திருப்பித் தள்ளினாள். தட்டிக்கு மேலே பொம்மையின் தலை எழும்பியது.

"அக்கா, வெறும் சீட்டு வந்திருக்கு. கடை லீவா, இல்ல நம்ம எடுபிடி பாதி வழியில படுத்துத் தூங்கிட்டானா?"

"வெறும் சீட்டு வந்தா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்ப்பா. ஒன்பதாவது வரியைப் பாரு."

"பார்த்தேன். 'வெற்றுப் பதில் வந்தால் அங்கே தகவல் இல்லை என்று கொள்க.' நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனாவுக்கு இடமில்லை தம்பி. பன்னிரண்டு வரியும் தீர்ந்து போச்சு."

இருவரும் சிரித்தார்கள். பொம்மை ஒன்பதாவது வரிக்கு எதிரே டிக் போட்டான். முதல் பிரதியில் அவள் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். தளம் மெதுவாக இருந்தால், எடுபிடி பத்து விநாடி காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக்கூடும் என்று. இடம் போதாமல் அதை அவளே அடித்துவிட்டாள். அப்படி அடித்தது அவளுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருடம் சின்னவளுக்கு நோய் வந்தது. பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த நோய்தான். வைத்தியம் எட்டு மாதம் நடந்தது. பிறகு, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, அதற்கென்றே இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அது நகரத்தின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்றரை மணி நேரம். அங்கே டாக்டர்கள் வருகிற நேரத்தைப் பொறுத்து, நோயாளிகளைப் பார்க்கும் நேரம் தினம் ஒரு மாதிரி மாறும். காலையில் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் போடுவார்கள். போன் அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இருக்காது. பாவம், இருந்த இரண்டு நர்ஸும் கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் குறிப்பக்கா ஏஜென்டிடம்தான் கேட்டாள். மதியம் ஒரு வரி தட்டுவாள். இன்று நாலிலிருந்து ஆறு என்று சொல்லும், போவாள். இன்று ஐந்திலிருந்து ஏழு என்று சொல்லும், போவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. ஒரு நாளும் போகாமலும் இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கிளம்பும்போது சின்னவள் அவள் முந்தானையைப் பிடித்தாள். "நாளைக்கு வரும்போது நகவெட்டி கொண்டு வாக்கா. நகம் வளர்ந்து போர்வையில மாட்டுது."

"கொண்டு வர்றேன். போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன வாரம் நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே. பயந்துட்டேன்." சிரித்தாள். அவளுடைய சிரிப்பில் அப்போது பல்தான் அதிகம் தெரிந்தது. முகம் அவ்வளவு சுருங்கியிருந்தது.

புதன்கிழமை பையில் நகவெட்டி இருந்தது. மதியம் ஒன்றரைக்கு அவள் கேட்டாள். ஏஜென்ட் எப்போதும் போலப் பணிவாகச் சொன்னது: "இன்று பார்வை நேரம் எதுவும் இல்லை. நாளை காலை மறுபடியும் பார்த்துச் சொல்கிறேன்."

அவளுக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. சரி, டாக்டர்கள் ஏதோ பெரிய பரிசோதனை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். இரண்டாம் தரம் கேட்டிருப்பார்கள். போய்த்தான் பார்ப்போமே என்று பஸ் ஏறியிருப்பார்கள். தன் கையால் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு ஒன்று பேசும்போது, அதை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? நாளைக்குச் சேர்த்து நிறைய நேரம் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு குறிப்பை எடுத்து வைத்து அதில் வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு வந்த முதல் போன் அதுதான்.

காரியங்கள் முடிந்து நாலாம் நாள், சின்னவளின் பொருட்களை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான்கு கட்டில் போட்ட அறை. தங்கை படுத்திருந்த கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். நர்ஸ் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். மூக்குக்கண்ணாடி, சீப்பு, பாதி படித்த புத்தகம், ஒரு ஜோடிக் காலுறை. ஒரு மனுஷி விட்டுப் போனது ஒரு கையில் தூக்குகிற கனம்கூட இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். அறையில் எல்லாருக்கும் அவள் கண்டக்டரம்மா. கையில் ஊசி, பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் மருந்து பாட்டில்.

"வா, உட்காரு. டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றாள்.

குறிப்பக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை ஏன்டியம்மா வரலை?"

"அன்னைக்குப் பார்வை நேரம் இல்லைன்னு..."

"யாரு சொன்னது? மூணுல இருந்து ஆறு. எதிர்க்கட்டிலுக்கு ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்து, தலைவலி வர்ற வரைக்கும் பேசிட்டுப் போச்சே."

குறிப்பக்காவின் மடியிலிருந்து துணிப்பை சரிந்து கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கண்டக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தெரியாமல் ஏதோ ஒரு புண்ணில் கை வைத்துவிட்டோம் என்று புரிந்துகொண்டாள். பஸ்ஸில் ஆயிரம் முகம் பார்த்தவளுக்கு அது புரியாதா.

"சொல்லுங்க. என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் குறிப்பக்கா.

"மூணு மணியில இருந்து கதவையே பார்த்துட்டு இருந்தா. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்குவா. அஞ்சு மணிக்கு மேல கண்ணு சரியாத் தெரியலை அவளுக்கு. 'அக்கா வந்தாச்சா'ன்னு கேட்டா. நர்ஸு டாக்டரைக் கூட்டிட்டு வர ஓடிட்டா. நான் இறங்கி, இந்த ஸ்டாண்டையும் இழுத்துட்டுப் போய் அவ பக்கத்துல உட்கார்ந்தேன். கையைப் பிடிச்சேன். 'வந்துட்டேன்டி'ன்னேன்."

குறிப்பக்கா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பொய்தான். உன் இடத்துல நான் உட்கார்ந்து சொன்னது தப்புன்னா மன்னிச்சுக்கோ. எனக்கு வேற ஒண்ணும் தோணலை."

"அவ... அவ என்ன சொன்னா?"

"'இவ்வளவு நேரமா'ன்னா. திட்டற மாதிரி இல்லை, செல்லமாத்தான். 'பஸ்ஸுல கூட்டம்'னேன். சிரிச்சா. அப்புறம் ஒண்ணும் பேசலை. கையை மட்டும் விடலை."

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். குறிப்பக்கா எழுந்து நின்றாள். கண்டக்டரம்மாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து ஒரு தடவை தொட்டாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். தினமும் காலையில் கடவுளிடம் பேசிவிட்டுத்தான் அவள் தண்ணீர்கூடக் குடிப்பாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோனது. கோபம் இல்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் பொம்மையின் மேஜைக்குத்தான் நேராகப் போனாள். ஏஜென்ட் எந்த நேரத்தில் என்ன செய்தது என்ற பதிவுகள் அவனிடம்தான் இருந்தன.

"போன புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். அது என்ன பண்ணிச்சுன்னு எடுத்துக் காட்டு."

அவளுடைய குரலைக் கேட்டு அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை. தேடி எடுத்தான். படித்தான். படித்துக்கொண்டிருந்தவன் கையால் திரையை மறைப்பது போல முன்னால் சாய்ந்தான்.

"அக்கா, வேண்டாம். பார்க்காதீங்க. நான் வாயால சொல்லிடறேன்."

"நகரு."

மூன்று வரிதான். எடுபிடி ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்துக்குப் போயிருந்தான். பத்து விநாடி காத்திருந்தான். தளம் பதில் தரவில்லை. வெறுங்கையோடு திரும்பினான். அதன் கீழே ஏஜென்ட் தனக்குத்தானே எழுதிக்கொண்டது இருந்தது: 'வெற்றுப் பதில் வந்துள்ளது. குறிப்பின் ஒன்பதாம் வரிப்படி, அங்கே தகவல் இல்லை. ஆகவே இன்று பார்வை நேரம் இல்லை.'

அது பொய் சொல்லவில்லை. தப்பும் செய்யவில்லை. அவள் சொல்லிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது.

"அந்த வரிக்கு டிக் போட்டது நான்தான்க்கா" என்றான் பொம்மை.

"கேள்வி கேட்டதும் நீதான். ஆனாவுக்கு இடமில்லைன்னு உன் வாயை அடைச்சது நான்."

"நான் இன்னும் ரெண்டு தடவை கேட்டிருக்கணும். வாயை மூடுன்னா மூடிக்கிற ஆளா நான்? எங்க வீட்ல கேட்டுப் பாருங்க." சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கே குரல் உடைந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு இன்னும் பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் லீவு வேண்டாம், வரிதான் வேண்டும் என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் பதிவின் அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லையும் தேதியையும் பார்த்துவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்தப் பன்னிரண்டு வரிக் கணக்கு நான் வச்சது" என்றார். "எத்தனை வரி வேணுமோ எழுதுங்கம்மா."

மூன்று நாள் எழுதினாள். இதற்கு முன்னால் அவள் சொற்களைக் குறைக்கத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு வரியிலும், அதைப் படித்த பிறகு ஏஜென்ட் யாரிடம் போய் என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த யாரோ ஒருவர் பையில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டு, கிளம்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் குறிப்பு. தையல்காரர் வீட்டு வாசலில் தங்கை கேட்ட கேள்விக்குத் தான் ஒரே பதிலை இரண்டு தடவை சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. பதினொரு வயதில் தங்கையிடம் ஒரு தடவை. ஒன்பதாவது வரியில் இன்னொரு தடவை. பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கருவியை எழுதியவர்களிடமும் சொல்லி, எடுபிடி இனி வெறும் சீட்டைக் கொண்டுவராதபடி மாற்ற வைத்தாள். ஏன் கொண்டுவர முடியவில்லை என்று அவன் சொல்லியாக வேண்டும். புதுக் குறிப்பு பத்தொன்பது வரி. அதன் நடுவே இப்படி இருந்தது:

'இந்தக் கருவி ஒரு பக்கத்தை எடுத்து வரும். எடுத்து வந்த பக்கம் உண்மையிலேயே காலியாக இருந்தால், பக்கம் காலி என்று சொல்லும். தளம் பதில் தராவிட்டால், பதில் வரவில்லை என்று சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. பதில் வரவில்லை என்றால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முயற்சி செய். அப்போதும் வராவிட்டால், கேட்டவரிடம் தெரியவில்லை என்றே சொல். இல்லை என்று சொல்லாதே. வேறு எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் சொல். பக்கம் பாதியில் நின்றிருந்தாலும், பழைய தேதியிட்ட பிரதியாக இருந்தாலும், அதையும் மறைக்காமல் சொல். உன் பதிலை நம்பி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடக்கூடும்.'

கடைசி வாக்கியம் குறிப்புக்குத் தேவையா என்று மேனேஜர் பென்சிலை எடுத்தார். இன்னொரு தடவை படித்தார். பென்சிலை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பொம்மை உட்கார்ந்தான். கடைக்கேள்வி, ரயில்கேள்வி எல்லாம் முடிந்தது. கடைசியாகக் குறிப்பக்கா தானே ஒரு கேள்வியை எழுதித் தட்டிக்கு அடியில் தள்ளினாள். 'ஆஸ்பத்திரியில் இன்று பார்வை நேரம் எப்போது?' பிறகு முகவரிச் சீட்டு வந்தது. அவள் 'பதில் வரவில்லை' என்று எழுதித் தள்ளினாள். மறுபடியும் அதே முகவரி வந்தது. அவள் மறுபடியும் அதையே எழுதித் தள்ளினாள்.

வழக்கமாகப் பதிலைச் சீட்டில்தான் எழுதுவான். அன்றைக்குப் பொம்மை தட்டிக்கு மேலே தலையைத் தூக்காமல், அங்கிருந்தே மெதுவாக வாயால் சொன்னான்.

"தெரியலை. ரெண்டு தடவை பார்த்தேன், அந்தப் பக்கத்தை எடுக்க முடியலை. அதனால நேரம் இல்லைன்னு அர்த்தம் இல்லை. போன் பண்ணிப் பாருங்க. எடுக்கலைன்னா நேர்லயே போயிடுங்க."

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. தலையை மேஜையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சுடுகாட்டிலும் அழாத அழுகை. பொம்மை தட்டியைத் தாண்டி வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை தட்டிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இரண்டொரு தடவை கேட்டது. சில சமயம் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், இந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான்.

சனிக்கிழமை அவள் யாரிடமும் நேரம் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்டக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வரியை எழுதியவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். நான் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், அந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று கேட்க வேண்டும்.

அறை வாசலிலேயே நர்ஸ் மறித்தாள். பார்வை நேரம்தான், நல்லவேளை. ஆனால் நர்ஸ் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"ரெண்டு நாளா வலியில அவங்க கண்ணே மூடலை. இப்பத்தான், அரைமணியாத் தூங்கறாங்க. எழுப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்துவிட்டு, தள்ளுவண்டியோடு தாழ்வாரத்தில் போய்விட்டாள்.

குறிப்பக்கா உள்ளே வந்தாள். எதிர்க்கட்டிலும் தங்கையின் கட்டிலும் காலி. நாலாவது கட்டில்காரியை எக்ஸ்ரே படம் எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். கண்டக்டரம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பத்து நாளில் பாதியாகியிருந்தாள். ஜன்னலில் திரை இல்லை. துவைக்கப் போட்டிருப்பார்கள் போல. மேற்கு வெயில் கட்டில் மேல் ஏறி, தலையணை வரைக்கும் வந்திருந்தது. குறிப்பக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கன்னத்தைத் தொட்டு, மூடிய கண்ணில் விழுந்தது. தூக்கத்திலேயே அந்த அம்மாளின் புருவம் சுருங்கியது. தலை லேசாக அசைந்தது.

கட்டிலை நகர்த்தினால் சத்தம் வரும். போர்வையை இழுத்து முகத்தில் போட்டால் விழித்துக்கொள்வாள். மறைப்பாக மாட்டுவதற்கு அறையில் ஒரு துண்டுகூட இல்லை. குறிப்பக்கா பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றாள். அவளுடைய நிழல் அந்த முகத்தின் மேல் விழுந்தது. புருவம் மெல்லத் தளர்ந்தது.

வெயில் நகர நகர அவளும் அரை அடி, ஒரு அடி என்று நகர்ந்துகொண்டாள். முதுகு சுட்டது. இடுப்பு கடுத்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் கனத்தைப் போட்டாள். சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்திருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயின. அவற்றைக் கேட்டு இந்த மனுஷிக்கு என்ன ஆகப்போகிறது? ஆறுதல் தேடி வந்தது தான்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே நின்றபடியே, அவளை அறியாமல், அவள் கடவுளிடம் பேச ஆரம்பித்திருந்தாள். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தூக்கம் இன்னும் கொஞ்ச நேரம் கலையாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டாள்.

எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜன்னலில் வெளிச்சம் மங்கியதும் அவள் விலகினாள். கண்டக்டரம்மா வாய் லேசாகத் திறந்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். குறிப்பக்கா பையைத் தோளில் மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து, தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டாள்.